ஒரே வரி, இரண்டு முறை

மெர்லினுக்குக் குப்பை பிடிக்காது. வீட்டில் எப்படியோ, கம்ப்யூட்டரில் பிடிக்காது. பெங்களூரில் ஐந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊர்ப்பக்கம் வந்தவள், புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் இந்தச் சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். சேர்ந்த முதல் நாளே பழைய புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்ளாத குறைதான்.

கம்பெனி செய்வது ஒரு பெட்டி. தோட்டத்தில் போர் மோட்டாருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டால், வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் மோட்டாரைப் போடலாம், அணைக்கலாம். கரண்ட் போய் வந்தால் பெட்டி தானாகவே மோட்டாரை ஓடவிடும். குழாயோ மோட்டாரோ பழுது பார்க்கிற நாளில் மட்டும் போனில் ‘பூட்டு’ என்று அனுப்பிவிட வேண்டும். பூட்டியிருக்கும்வரை எத்தனை தடவை கரண்ட் வந்தாலும் மோட்டார் அசையக் கூடாது. இத்தனையையும் பார்த்துக்கொள்வது பெட்டிக்குள் இருக்கும் நகம் அளவு சில்லு. அந்தச் சில்லுக்குள் ஓடும் புரோகிராம்தான் மெர்லினின் பொறுப்பு. நாம் போனில் தட்டுகிற ஆப் போன்றதல்ல அது. இரும்போடும் செம்புக் கம்பியோடும் நேருக்கு நேர் பேசுகிற புரோகிராம். அதில் தப்பு நடந்தால் திரையில் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி வராது. மோட்டார் ஓடும், அவ்வளவுதான்.

அதை முதலில் எழுதியவர் குழந்தைசாமி என்பவர். இப்போது கத்தாரில் இருக்கிறார். கெட்டிக்காரர்தான், ஆனால் எழுதுகிற எழுத்து இருக்கிறதே, ஆண்டவனுக்கே வெளிச்சம். தண்ணீர் அழுத்தம் சேமிக்கிற இடத்துக்கு ‘மாமா’ என்று பெயர். கரண்ட் அளவுக்கு ‘மச்சான்’. மாமாவும் மச்சானும் சேர்ந்து எங்கே போகிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். ஒரே வரியை இரண்டு இடத்தில் ஒட்டி வைத்திருப்பார், எடுக்க மறந்திருப்பார். இது போதாதென்று பக்கத்துக்குப் பக்கம் நீள நீளமாகக் குறிப்புகள், சில்லு கண்டுகொள்ளாது, பிறகு படிக்கிற ஆளுக்காக எழுதுவது. அவையும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். ‘இது ஏன் ஓடுதுன்னு எனக்கே தெரியல, முனியன் புண்ணியம்’ என்று ஒரு குறிப்பைப் படித்துவிட்டு மெர்லின் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி உதயசூரியனுக்குச் சிரிப்பு வரவில்லை. கோயம்புத்தூரில் ஒரு பெரிய கம்பெனி இந்தப் பெட்டியை வாங்கி விற்கத் தயாராக இருந்தது. ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் புரோகிராமை அவர்களுடைய ஆட்கள் படித்துப் பார்ப்பார்களாம். முனியன் புண்ணியத்தை அவர்கள் படித்தால் மானம் போகும். சுத்தம் செய்து கொடுக்க முடியுமா என்று மெர்லினிடம் கேட்டார். அவள் அதற்காகத்தானே காத்திருந்தாள். நல்ல புரோகிராமுக்குக் குறிப்பே தேவையில்லை, படித்தாலே தானாகப் புரிய வேண்டும் என்பது அவளுடைய கொள்கை. குறிப்பு எழுதுவது தப்பை ஒத்துக்கொள்வதற்குச் சமம் என்று ஒருமுறை உதயசூரியனிடமே சொல்லியிருக்கிறாள்.

முதல் நாளே குறிப்புகளை ஒட்டுமொத்தமாகத் தூக்கினாள். ஒவ்வொன்றாகப் படித்து அல்ல. ஆங்கில எழுத்தில் தமிழைப் படிப்பது கண்ணுக்கும் நாக்குக்கும் சண்டை மூட்டுகிற காரியம், அதற்கு அவளுக்குப் பொறுமை இல்லை. எல்லாக் குறிப்புகளையும் ஒரே அடியாய் அழிக்க நாலு வரியில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினாள். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் போய்விட்டன. அதற்கப்புறம் மூன்று வாரம் உட்கார்ந்து மாமாவையும் மச்சானையும் அனுப்பிவிட்டு, அது அது என்ன வேலை செய்கிறதோ அந்தப் பெயரையே வைத்தாள். இரண்டு தடவை ஒட்டியிருந்த வரிகளில் ஒன்றை எடுத்தாள். ஆயிரத்து எண்ணூறு வரி எழுநூறு ஆனது.

பெட்டியின் முகத்தையும் மாற்றினாள். முன்பு பூட்டினால் சின்னத் திரையில் ‘இ7’ என்று மின்னும். அது பூட்டா, பழுதா, ராசி பலனா என்று விவசாயிகள் யாருக்கும் தெரியாது. புதுத் திரை வாங்க வைத்து, அழகான தமிழில் எழுத வைத்தாள்: ‘மோட்டார் பூட்டப்பட்டுள்ளது. பயமின்றி வேலை செய்யலாம்.’

சோதனைக்காக இருபத்தாறு பெட்டிகளை மாவட்டத்தில் அங்கங்கே மாட்டினார்கள். அதில் ஒன்று ஆவூருக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பா மைக்கேல்சாமியின் தோட்டத்தில். அவர் கேட்டு வாங்கிய பெட்டி அது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்களை எல்லாம் தோட்டத்துக்கு இழுத்துப்போய், என் மகள் எழுதியது என்று காட்டுகிற அளவுக்குப் போயிருந்தார். மெர்லின் வெட்கப்படுகிற மாதிரி காட்டிக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்கும் சந்தோஷம்தான்.

எல்லாம் மூன்று வாரம் நன்றாகப் போனது. நாலாவது வாரம், ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். குழாய் உடைந்ததால் நேற்றுச் சாயங்காலமே மோட்டாரைப் பூட்டியிருக்கிறார். ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. காலையில் கரண்ட் வந்ததும் பூட்டியிருந்த மோட்டார் தானாக ஓடி, உடைந்த குழாய் வழியாகக் கடலைக் கொல்லை முழுக்கத் தண்ணீர். ஆள் யாரும் பக்கத்தில் இல்லை, நல்ல வேளை.

உதயசூரியன் போனை வைத்துவிட்டு, அந்த ஆளே தூக்கக் கலக்கத்தில் போனை அமுக்கியிருப்பார் என்றார். மெர்லினும் அதையேதான் நினைத்தாள். ஆனாலும் யாராவது தன் புரோகிராமைக் குறை சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. நாற்காலியை இழுத்துப் போட்டு முதலாளியை உட்கார வைத்து, கரண்ட் வந்தவுடன் என்ன நடக்கிறது என்று வரி வரியாக வாசித்துக் காட்டினாள். பூட்டு நிலையைப் படி. பூட்டியிருந்தால் மோட்டாரை நிறுத்தி வை. இல்லையென்றால் முப்பது விநாடி பொறுத்து ஓடவிடு. உதயசூரியன் வயரிங் வேலையிலிருந்து முதலாளி ஆனவர். புரோகிராம் ஒரு எழுத்துத் தெரியாது. அவருக்கே அத்தனையும் புரிந்தது. மெர்லினுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்று சொன்னால் தப்பில்லை.

“இவ்வளவு தெளிவா இருக்குறதுல தப்பு எங்க சார் ஒளிஞ்சுக்கும்?” என்று கேட்டாள்.

மேசை மேல் இருந்த பெட்டியைப் பூட்டி, சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டும் காட்டினாள். நாற்பது தடவை போட்டாள். நாற்பது தடவையும் பூட்டு நின்றது. உதயசூரியன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

அதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. கோயம்புத்தூர்க்காரர்களிடம் காட்ட ஒரு பக்கத்தில் பழையதும் மறுபக்கத்தில் புதியதும் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசை வந்தது. முன்னே எத்தனை அலங்கோலம், இப்போது எத்தனை லட்சணம் என்று பார்க்கட்டும். பழைய பிரதிகள் எல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தன. குழந்தைசாமியின் புரோகிராமைத் திறந்து அதே இடத்துக்குப் போனாள்.

பூட்டு நிலையைப் படிக்கிற வரி அங்கே இரண்டு முறை இருந்தது. ஒன்றன் கீழ் ஒன்றாக, அச்சு மாறாமல். அதில் ஒன்றைத் தூக்கியது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த இரண்டு வரிக்கும் மேலே, அவள் ஒருபோதும் படிக்காத ஒரு குறிப்பு. வாயை அசைத்து, எழுத்துக் கூட்டித்தான் படித்தாள்.

‘இத ரெண்டு தடவ படிக்கணும். கரண்டு இல்லாம நாலஞ்சு மணி நேரம் கெடந்துட்டு எந்திரிச்சா, மெமரி சில்லு மொத தடவ பொய் சொல்லும். பூட்டியிருந்தாலும் பூட்டலன்னு சொல்லும். ரெண்டாவது தடவதான் நெசம். மேசையில அணைச்சு அணைச்சுப் போட்டா காட்டாது. இதக் கண்டுபுடிக்க ஆறு வாரம் ஆச்சு. கீழ இருக்குறது சும்மா ஒட்டுன வரி இல்ல. தூக்கிறாத சாமி, ஆளு போயிரும்.’

மெர்லின் அதை மறுபடி படித்தாள். மூன்றாவது தடவை படிக்கும்போது எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை. ஆறு வாரம் ஒரு மனிதன் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை, டீ குடிக்கிற நேரத்தில் அழித்திருக்கிறாள். முதலில் குறிப்பை அழித்தாள், அதனால்தான் பிறகு அந்த வரி குப்பையாகத் தெரிந்தது. அவர் கத்திச் சொல்லியிருக்கிறார், அவள் முதலில் வாயைப் பொத்திவிட்டு, அப்புறம் ஏன் பேசவில்லை என்று கேட்டிருக்கிறாள்.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. இன்று ஆவூர் லைனில் ஷட்டவுன். மாதத்தில் ஒரு நாள் மரம் வெட்டவும் கம்பி இழுக்கவும் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை கரண்ட்டை நிறுத்துவார்கள். எப்படியும் தண்ணீர் பாய்ச்ச முடியாத நாள் என்பதால், போரிலிருந்து மோட்டாரை மேலே தூக்கிப் பழுது பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்த நாளைத்தான் பிடிப்பார்கள். அப்பா காலையில் ஏழு மணிக்குப் போன் செய்து சொன்னார். மோட்டார் தண்ணீர் குறைவாக இறைக்கிறது, மெக்கானிக் நாகராசு வருகிறான், ஷட்டவுனுக்கு முன்னாலேயே பூட்டிவிட்டேன், நீ எழுதினபடியே பெட்டியில் வந்துவிட்டது என்று. அவள் பல் தேய்த்துக்கொண்டே சரி சரி என்றாள்.

மணி பன்னிரண்டு ஐம்பது. நாலு மணி நேரமாகக் கரண்ட் இல்லாமல் கிடக்கிறது அந்தப் பெட்டி.

போனை எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தாள். அப்பா வேலைக்கு இறங்கினால் சட்டையைக் கழற்றிப் புங்க மரத்தில் மாட்டிவிடுவார், போன் சட்டைப் பையில் கிடக்கும். நாகராசுவின் நம்பர் அவளிடம் இல்லை. அம்மா திருச்சி ஆஸ்பத்திரியில். பெட்டிக்கே செய்தி அனுப்பலாம் என்றால், கரண்ட் இல்லாத பெட்டி செத்த பெட்டி, வாங்காது. கரண்ட் வந்து அது எழுந்து சிக்னலைப் பிடிப்பதற்குள் மோட்டாருக்குப் போகிற வயரில் மூன்று பேஸ் கரண்ட்டும் வந்துவிடும். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தாலும் ஆவூர் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும்.

“சார்” என்றாள். எழுந்து போய் உதயசூரியனின் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்படிச் சொன்னாள் என்று பிற்பாடு அவளுக்கே ஞாபகம் இல்லை. வரியைத் தூக்கிவிட்டேன், பூட்டு நிற்காது, அப்பா மோட்டாரைத் தூக்கிக்கொண்டிருக்கிறார் என்று முன்னும் பின்னுமாக உளறியிருக்கிறாள். புரோகிராம் தெரியாவிட்டாலும் கரண்ட் என்றால் என்ன என்று உதயசூரியனுக்கு அவளை விட நன்றாகத் தெரியும். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு வார்த்தை திட்டவில்லை. சப் ஸ்டேஷனில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், இன்னும் கொஞ்ச நேரம் கரண்ட் விடாமல் வைக்க முடியுமா கேட்கிறேன் என்று போனை எடுத்தார். அந்த நம்பர் பிஸியாக இருந்தது. அவர் அடித்துக்கொண்டே இருந்தார். அவளும் அடித்துக்கொண்டே இருந்தாள்.

பதினோராவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ அப்பா எடுத்தார்.

“என்னத்தா, இத்தன தடவ அடிச்சிருக்க?” என்றார். பின்னால் இரும்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

“அப்பா, மோட்டார் மேல வந்துருச்சா?”

“வந்து அரை மணி நேரமாச்சு. நாகராசு வயரு ஜாயின்ட்டப் பிரிச்சுக்கிட்டு இருக்கான்.”

ஜாயின்ட்டைப் பிரிக்கிறான் என்றால் வெறும் செம்புக் கம்பி கையில் இருக்கிறது என்று அர்த்தம். சாதாரணமாக மெக்கானிக் யாரும் முதலில் பெட்டிப் பக்கம் போய், அங்கிருந்து மோட்டாருக்குப் போகிற கரண்ட்டை அறுக்கிற பீஸ் கட்டை மூன்றையும் பிடுங்கிவிட்டுத்தான் வயரில் கை வைப்பான். பழைய பெட்டியில் ‘இ7’ மின்னிய காலத்தில் அதை நம்பி எவனும் கம்பியைத் தொட்டதில்லை. புரியாததை யார் நம்புவார்கள்?

“பீஸ் கட்டையப் புடுங்கியாச்சாப்பா?”

“அது எதுக்கு? அதான் பூட்டியாச்சே. காலையில நல்லாப் படிச்சுப் பாத்துட்டுத்தான் நாகராசக் கூப்புட்டேன். பயமில்லாம வேல செய்யலாம்னு நீதானே எழுதியிருக்க.”

“அது தப்புப்பா. பூட்டு நிக்காது. ஒடனே அவர வயர விடச் சொல்லுங்க, போயி பீஸப் புடுங்குங்க.”

அப்பா சிரித்தார். பெருமையும் பிரியமும் கலந்த சிரிப்பு. அவள் முதல் ரேங்க் வாங்கி வந்து, கணக்கில் இரண்டு மார்க் போய்விட்டது என்று அழுதபோதெல்லாம் சிரிப்பாரே, அது. நீ எழுதியது தப்பாகாது, நீ எப்பவும் இப்படித்தான் பயப்படுவாய் என்றார். சாமி சத்தியமாக அப்போது அவளுக்கு அவர் மேல் கொலைவெறி வந்தது.

“நான் எழுதுனதுதாம்ப்பா தப்பு” என்று அலறினாள். “வேற யாரும் இல்ல. நான். அந்த ஆளு செத்துருவாரு, போங்கப்பா.”

மகள் அப்படி அலறி மைக்கேல்சாமி கேட்டதில்லை. சிரிப்பு நின்றது. இரு என்றார். போனைக் காதிலிருந்து எடுத்திருக்க வேண்டும், நடக்கிற சத்தம் கேட்டது, சருகு மிதிபடுகிற சத்தம். நாகராசு என்று கூப்பிட்டார். இன்னொரு தடவை உரக்கக் கூப்பிட்டார்.

இந்தப் பக்கம் உதயசூரியனுக்கு அப்போதுதான் லைன் கிடைத்தது. அவர் இரண்டு வார்த்தை பேசினார், அப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தார். மெர்லின் அவர் வாயையே பார்த்தாள். அவர் போனை மெதுவாகக் கீழே இறக்கினார்.

“வேல சீக்கிரம் முடிஞ்சுருச்சாம்மா. கரண்டு விட்டு ஒரு நிமிஷம் ஆச்சாம்.”

அதே நேரத்தில் அவள் காதில் அப்பா ஏதோ கத்துவது கேட்டது. வார்த்தையாக இல்லை. பிறகு போன் எதிலோ மோதுகிற சத்தம், அதோடு எல்லாம் அற்றுப்போனது.

அவள் மறுபடி அடித்தாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். மறுபடியும் அதையே சொன்னாள். மெர்லின் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. மேசை மேல் கம்ப்யூட்டரில் அவளுடைய எழுநூறு வரி, வகிடு எடுத்துச் சீவிய மாதிரி நேர்நேராக நின்றது. பார்க்கவே பயமாக இருந்தது. அதில் ஒரு வரியாவது கோணல் மாணலாக இருந்தால், ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு நிமிஷம் நின்றிருப்பாளே என்று தோன்றியது. நாகராசுவுக்குக் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்று அப்பா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. அப்பா வயரை இழுக்கப் போய் அவரும் பிடித்திருந்தால் என்று அதற்கு மேல் நினைக்க ஆரம்பித்து, நினைக்க முடியாமல் நிறுத்தினாள்.

உதயசூரியன் அவள் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு, சோதனைப் பெட்டி மாட்டிய மற்றவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். பூட்டை நம்பாதீங்க, பீஸைப் பிடுங்கிட்டு வேலை பாருங்க என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வது எங்கோ தூரத்தில் கேட்டது.

ஒன்பது நிமிஷம் ஆனது. அப்பாவின் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

“பாப்பா, நான் நாகராசு பேசுறேன்.”

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது. நாகராசு பேசுகிறார் என்றால் அப்பா?

“ஒங்கப்பாருக்கு ஒண்ணுமில்ல. ஓடிவந்தவரு வாய்க்கா வரப்புல விழுந்துட்டாரு. முட்டியில சிராய்ப்பு. போனு தெறிச்சு பேட்டரி கழண்டுருச்சு, தேடி எடுத்துப் போட இம்புட்டு நேரமாச்சு.”

“ஒங்களுக்கு? கரண்டு வந்துச்சே. நீங்க வயரப் புடிச்சிருந்தீங்களே.”

“புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். பெட்டிக்குள்ள மோட்டாரு சுவிட்சு டொக்குன்னு விழுந்துச்சு, கேட்டேன். கீழ வயருக்கு வரல. பீஸு மூணையும் காலையிலயே புடுங்கி வச்சிட்டேன்ல.”

மெர்லினுக்குப் புரியவில்லை. அப்பா பிடுங்கவில்லை என்றுதானே சொன்னார்.

“அவருக்குத் தெரியாம புடுங்குனேன்” என்றார் நாகராசு. குரலில் கொஞ்சம் சங்கடம். “பூட்டியிருக்கு, பெட்டியில எழுதியிருக்கு, படிச்சுப் பாருன்னு அவரு ஒரே சத்தம். எனக்கு எழுத்துத் தெரியாது பாப்பா. அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. படிச்ச மாதிரி தலைய ஆட்டிட்டு, அவரு அங்கிட்டுத் திரும்புனதும் பீஸக் கழட்டி மடியில கட்டிக்கிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

தப்பா எடுத்துக்கொள்வதா? நாகராசு போனை அப்பாவிடம் கொடுத்தார். அவருக்கு இன்னும் மூச்சு இரைத்தது. வீட்டுக்குப் போங்கப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

எழுந்து உதயசூரியனின் மேசைக்குப் போனாள். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொன்னாள். எப்படி என்று அவர் கேட்டார். நாகராசுவுக்குப் படிக்கத் தெரியாது என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பட்டியலை அவள் பக்கம் தள்ளினார். ஒன்பது பேரிடம் பேசியாகிவிட்டது, பதினாறு பேர் பாக்கி.

பட்டியலில் இருந்த பெயர்களை அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். புதுத் திரையில் வரும் தமிழ் தெளிவாக இருக்கிறதா என்று கருத்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக, அப்பாவைத் தவிர மற்ற இருபத்தைந்து பேரையும் அவளேதான் பொறுக்கி எடுத்தாள். வாத்தியார்கள், வி.ஏ.ஓ. வேலை பார்த்தவர், கூட்டுறவு வங்கி மேனேஜர். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள். எழுதியிருப்பதை ஒரு எழுத்து விடாமல் படித்து, அதன்படி நடக்கிறவர்கள்.

பாக்கியில் முதல் பெயர் ஆண்ட்ரூஸ், அறந்தாங்கிப் பக்கம், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். அவள் பெயரைச் சொன்னதும், புதுப் பெட்டி பிரமாதம் என்று ஆரம்பித்தார். இன்றைக்குக்கூட அதனால் எவ்வளவு வசதி தெரியுமா என்றார். காலையிலிருந்து அவர்கள் பக்கம் கரண்ட் இல்லை. போவதற்கு முன்னாலேயே பூட்டிவிட்டு, திரையில் இருந்ததை வாய்விட்டுப் படித்துக் காட்டித்தான் ஆளைக் கிணற்றுக்குள் இறக்கியிருக்கிறார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவன் மோட்டாருக்கு வயர் மாற்றிக்கொண்டிருக்கிறான்.

“பீஸ் கட்டை?” என்றாள்.

“அது எதுக்கும்மா? அவ்வளவு வெளக்கமா எழுதியிருக்கீங்களே.”

“அதுல எழுதியிருக்கிறத நம்பாதீங்க சார்” என்றாள் மெர்லின். “எழுதுனது நான்தான்.”

மறுமுனையில் அந்த வயதான மனிதர் கிணற்றுக்குள் பார்த்து, எல்லாத்தையும் விட்டுட்டு மேல ஏறுடா என்று தொண்டை கிழியக் கத்துவது கேட்டது.